வீரத்தின் புகழும் தலைமையின் பொறுப்பும்



திருக்குறளின் பொருட்பாலில் படை குறித்து இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எழுபத்தேழாவது அதிகாரம் படைமாட்சி, எழுபத்தெட்டாவது படைச்செருக்கு. போர்வீரனின் நெஞ்சுரத்தைப் பேசுவது பின்னையது. மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நாம் அதிகமாக எடுத்தாள்வதும் அதனையே. படைமாட்சியின் இறுதிக் குறள் அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. நிலைகுலையாத வீரர் பலர் இருந்தாலும், அவர்களை நடத்தும் தலைவர் இல்லாத இடத்திலே படை என்று ஒன்று இல்லை என்பது அதன் கருத்து. வீரம் குன்றிய படை தோற்கும் என்பதை யாரும் சொல்லிவிடலாம். வீரம் நிறைந்த படையே இல்லாமற் போய்விடும் என்று சொல்வதற்கு வள்ளுவர் வேண்டியிருந்தது.

இந்தக் கருத்தை உரைகல்லாகக் கொண்டு, முதலாம் உலகப் போரின் ஒரு நாளையும், அப்போர் ஈன்ற இலக்கியத்தில் ஒரு பகுதியையும் நோக்க விரும்புகிறேன். போர் என்றால் என்ன என்பதை இந்த நாட்டு நேயர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய தேவை இல்லை. தவறான கட்டளைக்கு விலை கொடுப்பவர் யார் என்ற ஒரு வினாவை மட்டும் பின்தொடர்வோம்.

பிரான்சின் வடபகுதியில் சோம் என்னும் நதி பாய்கிறது. 1916ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி, காலை 7.30 மணிக்கு, அந்நதியின் வடபுறத்தில் பிரித்தானியப் படை ஜேர்மானிய அரண்களின் மீது தாக்குதல் தொடுத்தது. மாலை மங்குவதற்குள் பிரித்தானியத் தரப்பில் இறந்தவர், காயமடைந்தவர், காணாமற் போனவர், சிறைப்பட்டவர் ஆகியோரின் தொகை 57,470 ஆயிற்று. அவர்களுள் உயிர் துறந்தோர் மட்டும் 19,240 பேர். பிரித்தானிய இராணுவத்தின் நீண்ட வரலாற்றில் இதனை ஒத்த இன்னொரு நாள் இல்லை. அந்தச் சமர் நவம்பர் 18 வரை நீடித்தது. பிரித்தானிய சாம்ராச்சியப் படைகளின் இழப்பு நான்கு இலட்சத்தைத் தாண்டியது. கைப்பற்றிய நிலத்தின் ஆழமோ ஏறத்தாழ ஆறு மைல்.

இது எவ்வாறு நேர்ந்தது? வேர்டன் கோட்டைப் பகுதியில் பிரெஞ்சுப் படை பெப்ரவரி முதல் நசுங்கிக் கொண்டிருந்தது. அதன் சுமையைக் குறைக்க எங்காவது தாக்கியே ஆகவேண்டிய நெருக்கடி இருந்தது உண்மை. தாக்கும் முறையில்தான் பிழை நேர்ந்தது. சமரை நேரடியாக நடத்திய ஜெனரல் ரோலின்சன், எதிரியின் முதல் அகழிகளைப் பிடித்து அங்கே நிலைகொண்டு, பின்னர் அடுத்த அடியை எடுத்துவைக்கலாம் என்று கருதினார். தலைமைத் தளபதி டக்ளஸ் ஹேக், ஒரே வீச்சில் எதிரியின் அணிகளை ஊடறுத்துச் செல்லவேண்டும் என்றார். முடிவில் ஹேக்கின் விருப்பமே திட்டமாயிற்று. இதனால், முன்வரிசை அரண்களில் குவிந்திருக்க வேண்டிய பீரங்கித் தாக்குதல் ஆழமான நிலப்பரப்பெங்கும் சிதறியது. ஏழு நாட்களில் 15 இலட்சத்துக்கும் அதிகமான எறிகணைகள் பொழிந்தன. தொகை பெரிதுதான், ஆனால் அவற்றிற் பெரும்பகுதி முட்கம்பி வேலிகளை அறுக்கவும் நிலவறைகளை உடைக்கவும் ஏற்றவையல்ல. வெடிக்காமலே மண்ணிற் புதைந்தவையும் ஏராளம். சுண்ணக்கல் நிலத்தில் முப்பது அடி ஆழத்தில் அமைந்த நிலவறைகளில் ஜேர்மானியர் உயிரோடு காத்திருந்தனர். எதிரி அகழிகளில் எவரும் எஞ்சியிரார் என்ற நம்பிக்கையில், பல இடங்களில் வீரர்கள் அறுபது இறாத்தல் வரையிலான சுமையோடு வரிசையாக நடந்து செல்லுமாறு பணிக்கப்பட்டனர். வேலிகள் அறுபடவில்லை என்று சில முனைகளிலிருந்து வந்த செய்திகளும் திட்டத்தை மாற்றவில்லை.

நேயர்களே, ஐம்பத்தேழாயிரம் என்ற எண்ணை மனத்தில் ஏந்திக்கொள்வது கடினம். ஆகவே ஒரு சிறு படையணியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நியூபவுண்ட்லாந்து அக்காலத்திற் கனடாவோடு இணைந்திராத ஒரு தனி ஆட்சிப் பிரதேசம். மீனவரும் மரம் வெட்டுவோரும் வாழ்ந்த, மக்கட்டொகை குறைந்த தீவு. அதன் இளைஞர்களைக் கொண்ட படையணியொன்று போமொன் ஹமெல் என்ற கிராமத்தின் எதிரே நிறுத்தப்பட்டிருந்தது. காலையில் முதலிற் சென்ற அணிகள் அங்கே அழிந்துபோயின. எதிர்ப்புறம் வானில் எழுந்த வெள்ளை ஒளிச்சமிக்ஞை ஒன்றைத் தம்மவர் வெற்றியின் அடையாளமென மேலிடம் எண்ணிக்கொண்டது. உண்மையில் அது ஜேர்மானியர் விட்ட சமிக்ஞை. அந்தப் படைப்பிரிவின் தளபதி ஜெனரல் டி லைல் அடுத்த அணிகளையும் அனுப்புமாறு கட்டளையிட்டார்.

முன்வரிசைக்குச் செல்லும் அகழிகள் இறந்தோராலும் காயமடைந்தோராலும் அடைபட்டுக் கிடந்தன. ஆகவே நியூபவுண்ட்லாந்து இளைஞர் பின்வரிசை அகழியிலிருந்தே வெட்டவெளிக்கு ஏறினார்கள். தங்கள் முன்வரிசையை அடைவதற்கே அவர்கள் இருநூறு மீற்றருக்கும் மேல் எவ்வித மறைப்பும் இன்றி நடக்கவேண்டியிருந்தது. தமது முட்கம்பி வேலியில் வெட்டிவிடப்பட்ட சிறு இடைவெளிகளில் நெருங்கியபோது இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களைக் குவியலாக வீழ்த்தின. காலை 9.15 அளவில் சுமார் எண்ணூறு பேர் புறப்பட்டனர். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இறந்தும் காணாமலும் போனவர் 324 பேர். காயமடைந்தவர் 386 பேர். மறுநாட் காலை பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர் 68 பேர் மட்டுமே.

இதற்குப் பின்னர் நடந்ததுதான் இலக்கிய மாணவன் கூர்ந்து கவனிக்கவேண்டியது. ஜெனரல் டி லைல் அத்தாக்குதலைப் பயிற்சியும் ஒழுங்கும் மிக்க வீரத்தின் உன்னதக் காட்சி என்று புகழ்ந்தார். இறந்தவர்களால் மேலும் முன்னேற முடியாது என்பதனாலேயே அது வெற்றி பெறவில்லை என்ற கருத்தையும் தெரிவித்தார். அழகான வாக்கியந்தான். பலரும் அதைப் பெருமிதத்தோடு எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் அவர்களை அனுப்பியவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். அவர் அதில் இல்லை. வீரம் இருக்கிறது, மரணம் இருக்கிறது, கட்டளை மறைந்துவிட்டது.

மறுநாள் ஹேக் தமது நாட்குறிப்பில், இழப்பு நாற்பதாயிரத்துக்கு மேல் எனக் கணிக்கப்படுவதாகவும், ஈடுபட்ட படையின் தொகையையும் போர்முனையின் நீளத்தையும் நோக்கும்போது அது கடுமையானதென்று கொள்ளத்தக்கதல்ல என்றும் எழுதினார். தளபதியின் புகழுரையில் மனிதர் காவியமானார்கள். தலைமைத் தளபதியின் குறிப்பில் விழுக்காடானார்கள். இரண்டிலும் பொறுப்புக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் கவிஞர்கள். சிக்பிரிட் சசூன் அந்த ஜூலை முதலாந் திகதி அண்மையிலிருந்த பகுதியில் நின்று சமரைக் கண்டவர். வீரத்துக்காக இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்ற அதிகாரி. ஆகவே கோழையின் புலம்பல் என்று அவர் எழுத்தை ஒதுக்க முடியாது. அவருடைய 'ஜெனரல்' என்னும் கவிதை ஏழே வரிகள் கொண்டது. 1917இல் நிகழ்ந்த அராஸ் சமர் அதன் களம். முன்னரங்கு நோக்கிப் போகும் வீரர்களுக்குத் தளபதி சிரித்த முகத்தோடு காலை வணக்கம் சொல்கிறார். கலகலப்பான மனிதர் என்று ஒருவன் தன் தோழனிடம் கூறுகிறான். அவரது தாக்குதல் திட்டம் இருவரையும் தீர்த்துக்கட்டியது என்பதோடு கவிதை முடிகிறது. இங்கே தளபதி கொடியவரல்லர், அன்பாகப் பேசுகிறவர். அதுவே அக்கவிதையின் கூர்மை. நல்ல மனிதராயிருப்பதும் நல்ல தலைவராயிருப்பதும் ஒன்றல்ல. டி லைலின் வாக்கியத்தில் மறைந்துபோன கட்டளை, சசூனின் கடைசி வரியில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

தளபதிகளுக்காகப் பேசும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அவர்கள் சொல்வதையும் நாம் கேட்கவேண்டும். கையில் எடுத்துச் செல்லத்தக்க வானொலித் தொடர்பு அன்று இல்லை. தொலைபேசிக் கம்பிகள் எறிகணையில் அறுந்தன. சமர் தொடங்கிய பின் தளபதி கிட்டத்தட்ட குருடராகிவிடுகிறார். அப்போரில் எழுபதுக்கு மேற்பட்ட பிரித்தானிய ஜெனரல்களும் உயிரிழந்தனர். எனவே சிங்கங்களைக் கழுதைகள் வழிநடத்தின என்ற பழகிப்போன வாசகம் முழு உண்மையாகாது. மேலும், சோமில் தோற்ற படை அங்கே பாடம் படித்தது. அதே ரோலின்சன் 1918 ஓகஸ்ட் 8ஆந் திகதி அமியேன் சமரில் பெருவெற்றி ஈட்டினார் என்பர்.

இவை யாவும் உண்மை. எனினும் பாடம் படித்தவர் ஒருவர், அதற்குக் கட்டணம் செலுத்தியவர் வேறொருவர் என்பதும் உண்மையே. அத்துடன், அந்த ஜூலை முதலாந் திகதியே இன்னொரு சாட்சியத்தையும் வைத்திருக்கிறது. அதே போர்முனையின் தென்பகுதியில், ஜெனரல் மக்ஸ் தலைமையிலான பதினெட்டாவது படைப்பிரிவு தன் இலக்குகளை அடைந்தது. அங்கே வீரர்கள் கடுமையாகப் பயிற்றப்பட்டிருந்தார்கள். பீரங்கித் தாக்குதல் ஓயும் முன்பே வெளியேறி எதிரியின் அகழியை நெருங்கியிருந்தார்கள். அருகிலிருந்த பிரெஞ்சுப் பீரங்கிகளின் துணையும் கிடைத்தது. அங்கும் இழப்பு சிறிதன்று. ஆனால் அந்த இழப்புக்கு ஒரு பயன் இருந்தது. ஒரே நாள், ஒரே இராணுவம். வடக்கே வீழ்ந்தவன் தெற்கே வென்றவனைவிட வீரத்திற் குறைந்தவனல்லன்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் திருக்குறளின் அதிகார வைப்பு நமக்கு உதவுகிறது. வீரத்தைப் பேசும் படைச்செருக்குக்கு ஏறத்தாழ முப்பது அதிகாரங்கள் முன்னதாகவே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற நான்கும் வந்துவிடுகின்றன. அவை தலைவனை நோக்கிச் சொல்லப்பட்டவை. ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, பின்பு கிடைக்கும் ஊதியம் எது என்று எண்ணிப் பார். செயலின் வலிமையையும் உன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் இருபுறத்துத் துணைகளின் வலிமையையும் சீர்தூக்கிப் பார் என்கிறார் வள்ளுவர். முட்கம்பி அறுந்ததா, நிலவறை உடைந்ததா என்ற வினாக்கள் மாற்றான் வலியறியும் வினாக்களே. தலைவன் இவற்றை எண்ணி முடித்த பின்னரே வீரனிடம் உயிரைக் கேட்கும் உரிமை பெறுகிறான். முன்னையதைச் செய்யாமல் பின்னையதைப் புகழ்வது, முதல் ஏட்டைக் கிழித்துவிட்டுக் கடைசி ஏட்டை வாசிப்பது போன்றது.

புறநானூறு இன்னோர் உண்மையைக் காட்டுகிறது. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். வென்ற கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், தோற்று நாணியவன் உன்னிலும் நல்லவன் அல்லனோ என்ற கருத்துப்பட அவனிடமே கேட்டார். அந்த முடிவை நான் போற்றச் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தலைவன் களத்திலே நின்றான்; தோல்வி அவன் உடம்பிலே எழுதப்பட்டது; புலவர் அதைப் படித்துச் சொன்னார். நவீன போரில் கட்டளைக்கும் காயத்துக்கும் இடையே பல மைல் தூரம் விழுந்துவிட்டது. தலைவன் கோழையாகிவிட்டதால் வந்த தூரமல்ல அது. போரின் அளவு பெருத்ததால் வந்தது. அதனாற்றான் நாணத்தை எழுத்து சுமக்கவேண்டியதாயிற்று.

சசூனின் நண்பரான வில்பிரட் ஓவன், ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற விவிலியக் கதையை மாற்றி ஒரு கவிதை எழுதினார். மகனை விட்டுவிடு, செருக்கு என்னும் ஆட்டைப் பலியிடு என்று தேவதூதன் சொல்லியும், முதியவர் கேளாமல் மகனையே வெட்டிவிடுகிறார். வள்ளுவர் பாடிய செருக்கு வீரனுடையது. தன் உயிரைத் தானே பணயம் வைப்பவனுடையது. ஓவன் சாடிய செருக்கு, பிறர் உயிரைப் பணயம் வைப்பவருடையது. சொல் ஒன்றாயினும் பொருள் துருவங்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஓவன் 1918 நவம்பர் 4இல், போர் முடிவதற்கு ஒரு வாரம் முன்னர் கொல்லப்பட்டார். அச்செய்தி தாங்கிய தந்தி, போர்நிறுத்த நாளன்று அவர் தாயாரின் கைக்குக் கிடைத்தது.

சோம் பகுதியிலுள்ள தியெப்வால் என்னும் இடத்தில் 1932இல் நினைவுத்தூண் ஒன்று திறக்கப்பட்டது. கல்லறை இன்னதென்று அறியப்படாத 72,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. நியூபவுண்ட்லாந்திலோ ஜூலை முதலாந் திகதி இன்றும் துக்க நாள். 2024இல், பெயர் அறியப்படாத தம் வீரன் ஒருவனின் எச்சங்களைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்து, அதே திகதியில் சென் ஜோன்ஸ் நகரில் அடக்கம் செய்தார்கள். 108 ஆண்டுகள் கழிந்தும் ஒரு சிறு சமூகத்தின் கணக்கு முடியவில்லை.

இறந்தவர்களைப் போற்றுவது நம் கடமை. அந்தப் போற்றுதல், அவர்களை அனுப்பியவர்கள் ஒளிந்துகொள்ளும் திரையாகிவிடக் கூடாது. வீரனுக்குரிய புகழை வீரனுக்கும், தலைவனுக்குரிய பொறுப்பைத் தலைவனுக்கும் பிரித்துக் கொடுப்பது இலக்கியத்தின் வேலை. இனி யாரேனும் வீரத்தை உச்சிமேல் வைத்துப் பேசக் கேட்டால், அந்தப் பேச்சில் கட்டளையிட்டவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு கணம் தேடிப் பாருங்கள்.