விரல் அறியும் எழுத்து



ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர் நம் முன்னோர். பார்வையற்றோர் கையில் இன்றும் எழுத்தாணி உண்டு. சட்டத்தில் தடித்த தாளைப் பொருத்தி, ஆறு புள்ளிகளுள் வேண்டியவற்றைக் குத்தி அவர்கள் பிரெயில் எழுதுகின்றனர். நம் கிடர்பூருக்குத் தெற்கே பேஹாலாவில் விளங்கும் கல்கத்தா பார்வையற்றோர் பள்ளியை 1897இல் தொடங்கிய லால் பிஹாரி ஷா, வங்க மொழிக்குப் பிரெயில் வகுத்த பெருமகனார். இன்று பாரதி பிரெயிலில் தமிழ் மகரமும் வங்க மகரமும் ஒரே புள்ளிகளே.

ஆயினும் புள்ளி மறுபுறம் புடைப்பதால், வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதவேண்டும். தாளைப் புரட்டினாலன்றி எழுதியதைப் படிக்க இயலாது. சிறு பிள்ளைக்கு இஃது எத்துணைத் துன்பம்! 1951இல் வந்த பெர்கின்ஸ் பொறி இக்குறையை நீக்கிற்று. ஆனால் எடை ஏறத்தாழ 5 கிலோ. விலையோ ஏழைக்கு எட்டாதது.

பேசும் கைப்பேசி உண்டே என்பீர்கள். ஏரிக்கும் ஏறிக்கும் உள்ள வேற்றுமையைச் செவி எளிதில் அறியாது. எழுதிப் பழகிய விரலே அறியும்.

முனை குழிந்த எழுத்தாணியும், அடியில் மேடிட்ட புள்ளிகளும் அமைந்தால், எழுதும் பக்கத்திலேயே புள்ளி எழும். அத்தகைய சட்டங்கள் உள்ளன. அவை சட்டைப்பைக்குள் அடங்கவும், கூலித்தொழிலாளி வாங்கவும் தக்கனவாதல் வேண்டும். தொழிலறிந்த நம் இளைஞர்காள்! அப்பிள்ளைகளின் விரல்களிடமே பாடம் கேட்டு, அதனைச் செய்து காட்டுவோமாக.