செவியும் ஒரு பள்ளிக்கூடம்

(கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் கிளென்மார்கனில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவது மரபு. நானும் கல்வியைப் பற்றியே பேசுகிறேன். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து வருவது 'கேள்வி' என்னும் அதிகாரம். கற்க வாய்ப்பில்லாதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. பள்ளிக் கதவு நமக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில் நம் முன்னோர் கற்றதெல்லாம் செவிவழிக் கல்வியே. இன்றும் எழுத்தறியாத தொழிலாளி, சங்கத்தின் அறிவிப்பையும் கூலிக் கணக்கையும் பிறர் படிக்கக் கேட்டே அறிகிறார். அவருடைய செவி மங்குமானால், அவருக்கிருந்த ஒரே பள்ளிக்கூடமும் மூடப்படுகிறது. ஆகவேதான் செவியைப் பற்றிப் பேச வந்தேன்.

இந்த மலை அமைதியானது என்பர் சுற்றிப் பார்க்க வருவோர். உழைப்போருக்கு அப்படியில்லை. கிளென்மார்கனுக்குக் கீழே சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் 1932ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அத்தகைய நிலையத்தின் சுழலிக் கூடத்தில் இரைச்சல் ஓய்வதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் தொட்டியின் காற்றாடி, ரோலர், சி.டி.சி. எந்திரம், டிரையர் எல்லாம் ஒரே கூரையின்கீழ் முழங்குகின்றன. கவாத்துக்கும் கொழுந்து பறிப்பதற்கும் பெட்ரோல் எந்திரங்கள் வந்துவிட்டன. நம் பறையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பறை நம் கலை, நம் பெருமை. ஆயினும் அதை மணிக்கணக்கில் அடிப்பவரின் செவிக்கு அதுவும் பேரோசையே.

பேரோசை செவியை எவ்வாறு கெடுக்கிறது? உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் ஒலியை நரம்புக்குத் தருகின்றன. இடைவிடாத இரைச்சலில் இவை சோர்ந்து, பின்னர் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மங்குவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். எனவே மாடு கத்துவது கேட்கும். குழந்தையின் மெல்லிய பேச்சு புரியாது. "குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்பார் அவர். "தனக்கு வேண்டியது மட்டும் காதில் விழுகிறது" என்று வீட்டார் கேலி பேசுவர். இருபது வயதில் தொடங்கிய சேதத்தோடு வயதின் தளர்ச்சியும் சேர, நாற்பத்தைந்து ஐம்பதில் அது வெளிப்படுகிறது. அதை முதுமையென்று எண்ணி வாளாவிருக்கிறோம்.

தொழிற்சாலையில் ஒரு கை தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே ஓசை 85 டெசிபெலைத் தாண்டியிருக்கக்கூடும் என்று கொள்ளலாம். நாள்தோறும் எட்டு மணி நேரம் அதில் நின்றாலே தீங்கு தொடங்கிவிடும். அங்கே செவிக்காப்பு அணிவது கோழைத்தனமன்று. அதைக் கேட்டுப் பெறுவது உரிமை.

இழந்த அணுக்களை மருந்தோ சூடான எண்ணெயோ மீட்டுத் தராது. எண்ணெய் ஊற்றுவதால் சில வேளை கேடே விளையும். ஆனால் மீட்க முடியாது என்பதற்கும் மருத்துவமே இல்லை என்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முதலில் காது மருத்துவரிடம் காட்ட வேண்டும். அழுக்கு அடைத்திருப்பதாலும் சீழ் வடிவதாலும் கேளாமை வரலாம், அவற்றைச் சரிசெய்யலாம். அடுத்தது ஒலிமானிச் சோதனை. அதில் வலியில்லை. அந்தக் கணக்கின்படி பொருத்திய செவிக்கருவியே உரிய மருத்துவம். சந்தையில் விற்கும், எல்லா ஓசையையும் ஒன்றுபோல் பெருக்கும் மலிவுக் கருவி அதற்கு ஈடாகாது. கருவியணிந்த முதல் நாளே எல்லாம் தெளிந்துவிடாது. மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பெட்டியில் பூட்டி வைத்துவிடக் கூடாது.

இதைத் தள்ளிப் போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மறதிநோய்க்கு வழிவகுக்கும், மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. நடுவயதில் செவித்திறன் குறைவது அவற்றுள் ஒன்று. 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேர் பங்கேற்றனர். அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் செவிக்கருவியால் மூளைத்திறனில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஆபத்து மிகுந்திருந்த பிரிவினரிடம் மூன்று ஆண்டுகளில் அத்திறன் குறையும் வேகம் 48 விழுக்காடு தணிந்தது. மூக்குக்கண்ணாடிக்கு யாரும் நாணுவதில்லை. செவிக்கருவிக்கு மட்டும் ஏன் நாண வேண்டும்? "செவிடன்" என்னும் வசைச்சொல்லே காரணம். வசைச்சொல்லின் வலியைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் நாம். அச்சொல்லை நம் வீட்டுப் பெரியவர் மீது நாமே வீசலாமா?

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், இரைச்சலால் வரும் செவிக்குறையை அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 டெசிபெல் அளவுக்குக் கேட்கும் திறன் இழந்தவர் சான்று பெறத் தகுதியுடையவர். அரசின் செவிக்கருவி உதவியைப் பெறவும் அச்சான்று பயன்படும். ஆனால் சோதனைத் தாள் கையிலில்லாமல் உரிமை பேச முடியாது.

இளைஞர்களே! 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்த அயோத்திதாசப் பண்டிதர் இந்த நீலகிரியில் வாழ்ந்தவர், சித்த மருத்துவரும்கூட. அறிவுப்பணியையும் உடற்பணியையும் அவர் வேறுவேறாகக் காணவில்லை. நாமும் அவ்வாறே செய்வோம். இரைச்சலில் உழைக்கும், நாற்பதைக் கடந்த ஒவ்வொருவரையும் ஆண்டுக்கொரு முறை உதகை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் பேசும்போது முகம் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள். கூட்டங்களில் அவரை முன்வரிசையில் அமர்த்துங்கள். உங்கள் காதில் செருகும் கருவியின் ஓசையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கால் நூற்றாண்டாக நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவந்த இக்கழகம், நம் பெற்றோரின் செவிக் கதவையும் திறந்து வைக்கட்டும்.