பழைய ஹைபிரிட் காரைப் பேணுதல்



தோட்டத்து லயங்களின் முன்னே நிற்கும் கார்களைக் கவனித்தால், பின்புறத்தில் 'ஹைபிரிட்' என்று எழுதிய வண்டி ஒன்றிரண்டாவது கண்ணில் படுகிறது. நம் அரசாங்கம் 2011ஆம் ஆண்டு முதல் 2013ஆம் ஆண்டு முடிய, 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் முழுமையாக விலக்கியிருந்தது. அக்காலத்தில் டொயோட்டா பிரியஸ், பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட் முதலிய கார்கள் நிறைய விற்றன. 2012இல் ஹோண்டா ஜாஸ் ஹைபிரிட் மலாக்காவிலேயே பூட்டப்பட்டது. அன்று பட்டணத்தார் வாங்கிய அந்தக் கார்கள் பத்து வயதைத் தாண்டி, கைமாறி, குறைந்த விலைக்கு நம்மிடம் வந்து சேர்கின்றன. விலை குறைவதற்குக் காரணம் பேட்டரி பற்றிய பயமே. அந்தப் பயத்தில் பாதி நியாயமானது; மறுபாதி அறியாமையால் வருவது.

ஹைபிரிட் என்றால் இருவிசை வண்டி. பெட்ரோல் இயந்திரம் ஒன்று, மின்மோட்டார் ஒன்று. இறக்கத்தில் இறங்கும்போதும் பிரேக்கை மிதிக்கும்போதும் சக்கரத்தின் வேகம் மின்சாரமாக மாறிப் பெரிய பேட்டரியில் சேர்கிறது. பிறகு புறப்படும்போது அந்த மின்சாரம் வண்டியைத் தள்ளுகிறது. பிரியஸ் சி காரில் அந்தப் பெரிய பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. நிக்கல் உலோக ஹைட்ரைடு என்னும் வகையைச் சேர்ந்த 20 கட்டைகளை வரிசையாக இணைத்து 144 வோல்ட் பெறுகிறார்கள். இதைத் தவிர, எல்லாக் கார்களிலும் உள்ளதுபோல் 12 வோல்ட் சிறு பேட்டரியும் உண்டு. இரண்டும் வேறு வேறு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் ஓடுவதும் ஒரு பிரியஸ் சிதான். வாங்கும்போதே 140,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பள்ளிக்கும் பட்டணத்துக்கும் செம்மண் பாதையில் நாள்தோறும் போய்வந்ததில் 210,000ஐ எட்டியபோது, ஒரு சனிக்கிழமை அரிசி மூட்டையோடு திரும்பி வருகையில் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. வழியில் இருந்த பட்டறை ஒன்றில் நிறுத்தினோம். "பேட்டரி போச்சு, மாத்தித்தான் ஆகணும்" என்று பல ஆயிரம் வெள்ளி கணக்குச் சொன்னார்கள். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். இரவெல்லாம் நாங்கள் இருவரும் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் தோட்டத்து லாரி டிரைவர் அண்ணன் வந்து பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், காசு குடுக்கிறதுக்கு முந்தி, கம்ப்யூட்டர்ல என்ன நம்பர் வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

நாங்கள் கேட்கவில்லை. நேயர்களே, இந்தப் பேச்சில் வேறு எது மறந்தாலும் அந்தக் கேள்வியை மறக்கவேண்டாம். காரில் கோளாறு நேர்ந்தால் அதன் கணினி ஓர் எண்ணைப் பதிந்து வைக்கிறது. பி0ஏ80 என்னும் எண் வந்தால் பெரிய பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். பி0ஏ82 என்று வந்தால் பேட்டரிக்குக் காற்றடிக்கும் விசிறியில் குறை. டாஷ்போர்டில் எரியும் விளக்கை மட்டும் பார்த்து இன்ன கோளாறு என்று சொல்லிவிட முடியாது. வேறொரு பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்தபோது எங்கள் காரில் இருந்தது பி0ஏ82. விசிறியைக் கழற்றினார்கள். செம்மண் தூசியும் நூலும் நாய்மயிரும் சேர்ந்து, தலையணைப் பஞ்சு போல் அதை அடைத்திருந்தன. சுத்தம் செய்ய அன்றைய கூலி மட்டுமே ஆனது.

குற்றம் எங்களுடையதுதான். இந்தப் பேட்டரி காருக்குள் இருக்கும் காற்றைத்தான் உள்ளிழுத்துக் குளிர்ந்துகொள்கிறது. ஆகவே ஏர்கோன் போட்டு நமக்குக் குளிர்ந்தால் பேட்டரிக்கும் குளிரும். அந்தக் காற்று நுழையும் துவாரம் பிரியஸ் சியில் பின் இருக்கையின் அடிப்புறத்தில் உள்ளது. பிரியஸில் பின் இருக்கையின் ஓரத்தில் உள்ளது. அங்கே நாங்கள் பாயையும் பையையும் திணித்து வைத்திருந்தோம். நம் நாட்டு வெயிலில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது முதன்மையாக வெப்பமே. துவாரத்தை மறைக்கக்கூடாது. மாதம் ஒருமுறை தூசி உறிஞ்சியோ மெல்லிய தூரிகையோ கொண்டு சுத்தம் செய்யலாம்; அதைப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் விசிறியைக் கழற்றுவது மட்டும் தொழில் தெரிந்தவர் வேலை.

இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்லவேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதற்கே நாம் அஞ்சுகிறோம். பிரியஸ் சியின் மின்மாற்றிக்குள் 520 வோல்ட் வரை உயர்கிறது. ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் எல்லாம் இந்த உயர் மின்சாரம் ஓடும் கம்பிகள். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பையன்கள் தோட்டத்தில் நிறைய உண்டு; கைத்திறனுள்ள பிள்ளைகள், மறுக்கவில்லை. ஆயினும் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு அந்தப் பெட்டியைத் திறக்க அவர்களை விடாதீர்கள். சாவியை எடுத்துவிட்டாலும் உள்ளே மின்சாரம் சேமிப்பில் இருக்கும்.

இனிச் சிறு பேட்டரி. சாதாரணக் காரில் பேட்டரி தளர்ந்தால் ஸ்டார்ட்டர் முனகும், நமக்குத் தெரிந்துவிடும். பிரியஸ் வகையில் இயந்திரத்தைச் சுழற்றுவது பெரிய பேட்டரி. சிறியது கணினிகளை எழுப்பிவிடுவதோடு சரி. ஆகவே அது முன்னறிவிப்பு இல்லாமல் படுத்துவிடும். அப்பொழுது தீபாவளி விளக்குப்போல் எல்லா விளக்குகளும் எரியும், ஆனால் 'ரெடி' என்ற எழுத்து வராது. உடனே பெரிய பேட்டரி போய்விட்டது என்று பயப்படாமல், முதலில் சிறியதைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது காரின் உட்புறத்தில் இருப்பதால், வாயுவை வெளியே விடும் குழாயுள்ள தகுந்த வகையையே மாற்றவேண்டும். டிராக்டர்காரர் வந்து 'கொஞ்சம் ஜம்ப் குடுங்க' என்று கேட்டால், மன்னிக்கச் சொல்லிவிடுங்கள். பிற வண்டியைக் கிளப்ப அது ஏற்றதன்று.

நம்மிடம் உள்ள இன்னொரு பழக்கமும் இந்தக் காருக்கு ஆகாது. ஐந்து வெள்ளிக்கு எண்ணெய் போட்டு, முள் அடியில் கிடக்க ஓட்டுவதைச் சொல்கிறோம். பிரியஸில் பெட்ரோல் தீர்ந்தபின் மின்சாரத்திலேயே வீடு போய்ச் சேரலாம் என்று ஓட்டினால், பெரிய பேட்டரி முற்றிலும் வடிந்துபோகும். பிறகு பெட்ரோல் ஊற்றினாலும் இயந்திரத்தைச் சுழற்ற ஆளில்லை. ஹோண்டா இன்சைட்டில் தனி ஸ்டார்ட்டர் உண்டு. அதனால் அது ஓரளவு தப்பிக்கும். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள், வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் 'ரெடி' நிலையில் வைக்க யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும். அப்படி நிற்கும் கார் பல வேளைகளில் சத்தமே போடாது, எந்நேரமும் நகரக்கூடும். ஆகவே பெரியவர் ஒருவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கட்டும். பிள்ளைகளை அருகில் விளையாட விடவேண்டாம்.

இயந்திர எண்ணெய், ஸ்பார்க் பிளக் முதலியவை மற்றக் கார்களைப் போன்றவையே. கையேட்டில் கண்டபடி மாற்றினால் போதும். தண்ணீர் விஷயம் அப்படியன்று. மின்மாற்றிக்கென்று தனிக் குளிர்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றக்கூடாது. 'ரெடி' நிலையில் அந்தத் தொட்டியைப் பார்த்தால் நீர் சுழன்று அசையவேண்டும். அசையாமல் நின்றால் அதன் பம்பு கெட்டிருக்கலாம். கியர் எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்று சிலர் சொல்லுவார்கள். 100,000 கிலோமீட்டர் தாண்டிய காரில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது சிக்கனமாகாது என்பது எங்கள் எண்ணம்.

பிரேக்கில் ஒரு வேடிக்கை உண்டு. வேகத்தை மோட்டார் குறைப்பதால் பிரேக் கட்டைகள் நெடுநாள் தேயாது. தேயவில்லையே என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. நம் பாதையின் சேறு புகுந்து ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து பசை இடச் சொல்லுங்கள். பிரியஸ் வகையில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் 'கிர்' என்று சிறு ஒலி கேட்பது இயல்பு. அது சில விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கேட்டால் பிரேக் அழுத்தம் கசிகிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போடாதீர்கள், அது உயிர் சம்பந்தமானது.

செம்பனைத் தோட்டங்களில் எலிக்காக ஆந்தைக் கூண்டு வைத்திருப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்த எலிகள் கார்க்கம்பியையும் கடிக்கும். நெல், தவிடு, மீன்தீனி எதையும் வண்டிக்குள் இரவில் வைக்கவேண்டாம்.

எங்கள் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறோம். விசிறியைச் சுத்தம் செய்ததால் பேட்டரி இளமையாகிவிடவில்லை. அன்றிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகையை டப்பாவில் போட்டு வைத்தோம். இரண்டரை ஆண்டு கழித்து, 251,000 கிலோமீட்டரில், பி0ஏ80 என்ற எண்ணே வந்தது. கெட்டுப்போன ஒரு கட்டையை மட்டும் மாற்றிக் குறைந்த செலவில் முடிப்பதாக ஒருவர் சொன்னார். நாங்கள் இசையவில்லை. ஒரே வயதுள்ள 20 கட்டைகளில் ஒன்று போனால் மற்றவையும் அதன் பின்னாலேயே நிற்கும். பொட்டோங் கடைப் பேட்டரியும் எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்ததோ, யார் அறிவார்? முழுத் தொகுதியையும் புதிதாகப் போட்டு, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். டப்பாப் பணத்தோடு சிறிது கடனும் வாங்கவேண்டி வந்தது. மகளின் பணத்தை நாங்கள் தொடவில்லை. அவள் இப்பொழுது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அரிசி மூட்டை பின்னால் பூட்டில்தான் வருகிறது.