அச்சேறாத செய்தி



பேய் காமிக்ஸ் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையிலே சிரிப்பு கேட்குது. சிரிங்க, ஆனா விஷயம் இருக்கு.

அமெரிக்க எழுத்தாளர் ஜெஃப் ரைஸ் படைத்த நிருபர் கார்ல் கோல்சாக். 1972-இல் தொலைக்காட்சிப் படமாக வந்தார். டேரன் மெக்காவின் நடித்தார். 1974-75-இல் 20 பகுதித் தொடர். 2000-க்குப் பிறகு மூன்ஸ்டோன் நிறுவனம் காமிக்ஸாகவும் வெளியிட்டது.

கசங்கிய கோட்டு, வைக்கோல் தொப்பி, காமிரா, டேப் ரெக்கார்டர். அவ்வளவுதான் மனுஷன். முதல் கதையில் லாஸ் வேகாஸ் நகரத்துப் பெண்கள் ரத்தம் உறிஞ்சப்பட்டுச் சாகிறார்கள். கொலைகாரன் ரத்தக்காட்டேரி என்று கண்டுபிடித்து, அவனை ஒழித்தும் விடுகிறார். பரிசு என்ன தெரியுமா? செய்தி அச்சேறவில்லை. ‘ஊரை விட்டுப் போ, இல்லாவிட்டால் உன் மேலேயே கொலை வழக்கு’ என்கிறார்கள் அதிகாரிகள். சூதாட்ட நகரம்; வருகிற கூட்டம் பயந்துடக் கூடாதே!

காட்டேரியைக் கொல்ல மார்பில் ஒரு முளை அடித்தால் போதும். ‘இது வெளியே தெரிய வேண்டாம்’ என்கிற பேயை எதை வைத்து அடிப்பது? எனக்கு அதுதான் பயம். கோல்சாக் மட்டும் ஓயவில்லை. தேதி, இடம் விடாமல் டேப்பில் பதிகிறார். அடுத்து சியாட்டில், அப்புறம் சிகாகோ.

தம்பி தங்கைகளே, நாளைக்கு ஆய்வுக்கூடத்திலோ ஆபீஸிலோ உட்காருவீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதி வையுங்கள். இன்றைக்கு அச்சேறாமல் போகலாம். குறிப்பே இல்லையென்றால் என்றைக்குமே ஏறாது.