நிழலில் நம் பங்கு
(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'வெயில் எல்லோருக்கும் பொதுதானே, இதில் என்ன தலித் பிரச்சினை?' என்று கேட்கிறார்கள். வெயில் பொதுதான். நிழல் பொது இல்லை.

ஊரில் ஆலமரத்தடி மேடையில் உட்கார்ந்தது யார், வெயிலில் கைகட்டி நின்றது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டணம் போனால் இதெல்லாம் போய்விடும் என்று நம்பித்தான் நம்ம ஜனங்க பஸ் ஏறினாங்க. சென்னையில் என்ன நடந்தது? கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகளைப் பிடுங்கினார்கள். குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்து எட்டுமாடிக் கட்டடங்களுக்கும் அனுப்பினார்கள். காலியான கரையில் செடி நட்டு வேலி போட்டார்கள். பச்சை ஆற்றுக்கு, சிமெண்ட் நமக்கு. அங்கிருந்து விடியுமுன் கிளம்பி வருகிற பெண்கள்தான் மரமடர்ந்த பணக்காரத் தெருக்களைக் கூட்டுறாங்க. நிழல் அவங்களுக்கு, சருகு நமக்கு.

மரம் வெயிலை மறிக்கிறது. வேர் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக விடுகிறது. சுற்றியிருக்கிற சூடு அதில் செலவாகிறது. சிமெண்டும் தாரும் இதற்கு நேர்மாறு. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், பகலெல்லாம் சூட்டை டெபாசிட் வாங்கிக்கொண்டு ராத்திரி பட்டுவாடா செய்கின்றன. ராத்திரியும் உடம்பு ஆறவில்லை என்றால், சித்தாளும் துப்புரவுத் தொழிலாளியும் மறுநாள் வெயிலை எப்படித் தாங்குவார்கள்?

அமெரிக்காவில் 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, வீட்டுக்கடன் கிடைக்காமல் செய்தார்கள். 108 நகரங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. அந்தச் சிவப்புப் பகுதிகளில் கோடை வெப்பம் மற்ற இடங்களைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம். மரம் குறைவு, தார் அதிகம். இங்கே வரைபடம்கூட வேண்டியிருக்கவில்லை. ஊர், சேரி என்ற இரண்டு சொல்லே போதுமாக இருந்தது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். கொடுக்கட்டும். உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

நாம் கேட்கவேண்டியது இது. எந்தக் குடியிருப்பில் எத்தனை மரம் என்று பகுதிவாரியாக எண்ணி வெளியிடு. மறுகுடியமர்வுக் கட்டடம் கட்டுமுன்பே மரத்துக்கு மண் ஒதுக்கு. வேம்பு, புங்கன், நாவல் நடு; வேரடிவரை சிமெண்ட் பூசாதே. நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் செடி பிழைக்காது. தண்ணீர் ஊற்றுகிற வேலையை அங்கிருக்கிற ஜனங்களுக்கே கூலியோடு கொடு. பசுமையின் பெயரால் இனி ஒரு குடிசையையும் பிடுங்காதே.

1927இல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். தாகம் தணிக்க மட்டுமா? பொதுக்குளம் நமக்கும் பொது என்று நிலைநாட்டத்தான். நிழலையும் அப்படித்தான் கேட்க வேண்டும். யாருடைய கருணையும் வேண்டாம். நம் பங்கைக் கேட்போம்.