உமர் இப்னு ஸஈதின் பதினைந்து பக்கம்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நான் படித்த பட்டத்தின் பெயர் அமெரிக்கவியல். "அமெரிக்காவில படிக்கிறாய், சரி. பாடம் என்ன?" என்று என் சாச்சி இன்றைக்கும் கேட்கிறார். அந்நாட்டின் வரலாறு, இலக்கியம், சட்டம், சமயம், இசை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துப் படிப்பதுதான் பாடம். 1930களில் ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்களில் வேர்விட்ட முறை இது.

முதலாம் வருடத்தில் ஒரு கையெழுத்துப் பிரதியின் படத்தைத் திரையில் காட்டினார்கள். அரபு எழுத்து. சாயல் நமக்குப் பழகியதல்ல, ஆனாலும் எழுத்துக்கூட்டினேன். சூரத்துல் முல்க்! நம் வீடுகளில் இரவில் ஓதும் அதே சூறா. கல்முனைக்குடி ஓதப்பள்ளியில் கற்றது அந்தக் குளிர் நாட்டில் கைகொடுத்தது.

எழுதியவர் உமர் இப்னு ஸஈத். இன்றைய செனகல் பகுதியில் பிறந்த ஆலிம். 1807இல் அடிமையாகச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். வட கரோலினாவில் இருந்தபோது 1831இல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதினார். அவரை விற்றவர், வாங்கியவர் யாரென்று வரலாறு சொல்லும். மனிதனை உடைமையாக்கிய சட்டம் எதுவென்று சட்டப் பாடம் சொல்லும். ஆட்சியும் உடைமையும் இறைவனுக்கே என்று தொடங்கும் சூறாவை ஓர் அடிமை ஏன் முதலில் எழுதினார் என்பது, ஓதியவளுக்குத்தான் சட்டென்று தைக்கும். தனித்தனியாகப் படித்திருந்தால் மூன்றும் ஒட்டியிருக்காது.

அதன் பின்னர் நூலகத்தில் எனக்கு இன்னொரு புத்தகம் கிடைத்தது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியிட்டது. தாய்வழிக் குடிமுறை, மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம், நம் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் பற்றியெல்லாம் அவர் எழுதியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் உம்மும்மாவிடம் ஒரு கொப்பி இருந்தது: கலியாணச் செலவு, பிள்ளை பிறந்த நாள், கவிகள். ஒருநாளும் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் அதைக் கொண்டுபோய்விட்டது.

கலைப்பிரிவு "கணக்கு வராதவர்களுக்கு" என்று சொல்லும் உம்மா, வாப்பாமாரோடு நான் இன்று சண்டை பிடிக்க வரவில்லை. (நாளை வரலாம்.) மூத்த ராத்தாமாரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். மாதக் கடைசிவரை ஊரில்தான் நிற்பேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணியோடு அந்தப் பழைய பெட்டியையும் திறந்து காட்டுங்கள்.