குலுங்கும் வண்டியும் காக்கும் கைகளும்

தசரா நாட்களில் மைசூருக்கு வருகின்ற தமிழன்பர்கள் காலையில் சாமுண்டி மலைக்குச் செல்கிறார்கள். பகலில் அரண்மனையைக் காண்கிறார்கள். மாலையானதும் குழந்தைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பொருட்காட்சிக்குப் புறப்படுகிறார்கள். 1880ஆம் ஆண்டில், பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் தொடங்கப்பெற்ற இப்பொருட்காட்சி, நாட்டின் விளைபொருள்களையும் கைத்தொழில்களையும் மக்களுக்குக் காட்டும் நோக்கத்தோடு எழுந்தது. இன்று குழந்தைகளின் கண்கள் அந்தக் கூடங்களில் தங்குவதில்லை. வானளாவிய ராட்டினத்தின் மீதும், வளைந்து நெளிந்து ஓடும் சிறு ரயிலின் மீதுமே தங்குகின்றன. பொருட்காட்சி முடிந்த பின்னரும் இவ்வின்பத்துக்குக் குறைவில்லை. கிருஷ்ணராஜசாகரச் சாலையில் ஜி.ஆர்.எஸ். பூங்கா இருக்கிறது, பெங்களூர்ச் சாலையில், பிடதிக்கு அருகே, 2005 முதல் வொண்டர்லா பூங்கா இருக்கிறது. மும்பைத் தமிழர்கள் 1989இல் திறக்கப்பெற்றுப் பின்னர் மூடப்பட்ட எஸ்ஸெல் வேர்ல்டையும், கொல்கத்தாவில் உள்ளோர் 1991இல் திறக்கப்பெற்ற நிக்கோ பூங்காவையும் அறிவார்கள். 1984 முதல் 2008 வரை டெல்லியில் நடந்த அப்பு கர் பலருடைய இளமை நினைவாகவே நிலைத்துவிட்டது.

இத்தகைய இடங்களில் ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கி வருவோரை, "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரே குலுக்கல்! கழுத்து ஒடிந்துவிட்டது!" என்பார்கள் பெரியவர்கள். "இன்னொரு முறை!" என்பார்கள் பிள்ளைகள். அந்தக் குலுக்கம் எங்கிருந்து வருகிறது? அது ஆபத்தின் அறிகுறிதானா? அதைத் தணிக்க என்ன செய்கிறார்கள்? இவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வண்டியின் பெயரே முதலில் வியப்பளிக்கிறது. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் இதனை 'ருஷ்ய மலை' என்கிறார்கள். ருஷ்யர்களோ 'அமெரிக்கக் குன்றுகள்' என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ருஷ்யாவில், பீட்டர்ஸ்பர்க் நகரத்தை அடுத்த பகுதிகளில், குளிர்காலத்தில் மரச் சாரம் கட்டி, அதன் மேல் பனிக்கட்டியைப் படரவிட்டு மக்கள் சறுக்கி மகிழ்ந்தார்கள். 1817இல் பாரிஸ் நகரத்தார் அச்சறுக்கில் சக்கர வண்டியை ஓட்டினார்கள். பின்னர் அமெரிக்காவில், பென்சில்வேனியா மலைகளில் நிலக்கரியைக் கீழே இறக்குவதற்கு அமைந்த பாதையொன்றில் மக்கள் காசு கொடுத்து ஏறிப் பயணம் செய்யலானார்கள். 1884இல் லாமார்கஸ் தாம்சன் என்பார் நியூயார்க்கின் கோனி தீவில் இதனைத் தனிக் கேளிக்கையாகவே அமைத்தார். கட்டணம் ஐந்து சென்ட். வேகமோ மணிக்கு ஏறக்குறைய ஆறு மைல்தான்.

இவ்வண்டிக்குத் தனியாக இயந்திரம் இல்லை. சாமுண்டி மலை உச்சிக்குச் சைக்கிளை வியர்வை சிந்தத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து மிதிக்காமலே இறங்கி வருகிற இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் தள்ளியேற்றிய உழைப்பே இறங்கும்போது வேகமாகிறது. ரோலர் கோஸ்டரையும் ஒரு சங்கிலி முதல் உச்சிக்கு இழுத்துச் செல்கிறது. பின்னர்ப் பூமியின் ஈர்ப்பு அதனை நடத்துகிறது. ஏறும்போது 'டக், டக்' என்று ஓசை கேட்கும். அது சங்கிலி முனகும் ஒலியன்று. பாதையின் நடுவே உள்ள பற்களில் வண்டியின் அடியிலுள்ள இரும்பு நாக்கு ஒவ்வொன்றாய் விழுந்து பற்றும் ஒலி. மேட்டில் ஏறும் மாட்டுவண்டியின் சக்கரத்துக்குப் பின்னே கல் வைத்துக்கொண்டே போவது போன்ற ஏற்பாடு இது. இழுவை அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாது. அந்த ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதை லண்டன் நகரம் 1972 மே 30 அன்று கண்டது. பாட்டர்சீ பூங்காவில் ஏற்றத்தில் இழுவையிலிருந்து விடுபட்ட வண்டி பின்னோக்கி ஓடிச் சிதைந்தது. ஐந்து குழந்தைகள் மாண்டார்கள்.

இனிக் குலுக்கத்துக்கு வருவோம். இவ்வண்டியின் சக்கரங்கள் மூவகை. ஒரு வகை தண்டவாளத்தின் மேலே ஓடுகிறது. மற்றொரு வகை பக்கத்தை அணைத்து ஓடுகிறது. மூன்றாம் வகை தண்டவாளத்துக்கு அடியில் ஓடி, வண்டி மேலெழும்பாதபடி பற்றிக்கொள்கிறது. இந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்னும் அமெரிக்கர் 1919இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே செங்குத்தான சரிவுகளை அச்சமின்றி அமைக்க முடிந்தது.

மூன்று சக்கரங்களும் தண்டவாளத்தை அளவாகத் தழுவியிருக்கும் வரையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். நாளடைவில் சக்கரத்தின் மேலுறை தேய்கிறது, பேரிங் தளர்கிறது, இடைவெளி சற்றே மிகுகிறது. அவ்விடைவெளிக்குள் வண்டி இப்படியும் அப்படியும் அலைந்து தண்டவாளத்தை மோதுகிறது. மோதுவதால் தண்டவாளம் தேய்கிறது. தேய்ந்த தண்டவாளத்தில் வண்டி மேலும் துள்ளி மேலும் கடுமையாக மோதுகிறது. மரத்தாலான பாதையில், கொல்கத்தா நிக்கோ பூங்காவின் 'சைக்ளோன்' போன்றவற்றில், இந்தத் தொல்லை இன்னும் மிகுதி. வெயிலில் சுருங்கி மழையில் உப்பும் மரம் போல்ட்டுகளை நெகிழவிடுகிறது. சரிவின் அடியில், வேகமும் பளுவும் உச்சமாயிருக்கும் இடத்தில், சாலையிற் குழி விழுவது போலவே பாதையிலும் பள்ளம் விழுகிறது.

அமைப்பே குலுக்கத்துக்குக் காரணமாவதும் உண்டு. 1895இல் கோனி தீவில் ஒரு வண்டியைத் தலைகீழாகச் சுழற்றி ஓட்டினார்கள். அவ்வளையம் முழு வட்டமாக இருந்தது. வட்டத்துக்குள் நுழைந்த கணத்திலேயே பளு திடீரென்று தாக்க, பயணிகள் கழுத்துவலியோடு இறங்கினார்கள். 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில், ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வகுத்த வளையம் நீர்த்துளி வடிவில் அமைந்தது. அதில் பளு சிறுகச் சிறுக ஏறிச் சிறுகச் சிறுக இறங்குகிறது. உயரத்தைக் குறைக்காமல், வளைவைத் திருத்தியே வலியை நீக்கிவிட்டார்கள்.

பழைய பாதையை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் மாற்றுவது மற்றொரு முறை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று இருக்கை வரிசைகள் இருந்தால், வளைவில் அப்பெட்டி விறைத்து நின்று தண்டவாளத்தை உராய்கிறது. ஒவ்வொரு வரிசையையும் தனிப்பெட்டியாக்கி இணைத்துவிட்டால், மரவட்டை ஊர்வது போல வண்டி வளைவோடு வளைந்து செல்கிறது. சக்கரத்தின் மேலுறையிலும் தேர்வு உண்டு. கடினமான உறை வேகம் தரும், ஆனால் அதிர்வையும் தரும். மென்மையான உறை அதிர்வை விழுங்கும், ஆனால் விரைவில் சூடேறித் தேயும். தோளின் மேல் இறங்கும் பழைய இரும்பு அணைப்பில் காதுகள் மோதுகின்றன என்று கண்டு, மடியின் மேல் பற்றும் அணைப்பையோ, மெத்தென்ற மார்பணையையோ பொருத்துகிறார்கள்.

இவ்வித மாற்றம் நமக்குப் புதிதன்று. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். அதன் பழைய கட்டுக்கோப்பைக் கைவிடாமலே, திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும் நீரழுத்தத் தடைகளையும் பொருத்திக் கொடுத்தார்கள். வடம் பிடிப்போர் ஆயிரமாயிரம் பேர். ஆயினும் தேரை உரிய இடத்தில் நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தருகே முட்டுக்கட்டை போடுகிற சிலருடைய கையில்தான் இருக்கிறது. அவர்களை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஆனால், நேயர்களே, ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். குலுக்கம் வேறு, ஆபத்து வேறு. நன்கு குலுக்கும் மரப்பாதை பல்லாண்டு ஒரு விபத்துமின்றி ஓடக்கூடும். குலுக்கமே இல்லாத வண்டியும் உயிரைக் குடிக்கக்கூடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1990இல் திறந்த பெரியதொரு மரப்பாதை குலுக்கத்துக்குப் பேர் போனதாயிற்று. 2011இல் அதன்மேல் எஃகுத் தண்டவாளம் பதித்துப் புதிய வண்டிகளையும் விட்டார்கள். பட்டுப்போல ஓடுகிறது என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். 2013 ஜூலையில் அதே வண்டியிலிருந்து ஒரு பெண்மணி விழுந்து இறந்தார். மடியணைப்பைத் திருத்தி, இடைவாரும் சேர்த்த பின்னரே அது மறுபடி ஓடிற்று. குலுக்கம் என்பது இயந்திரம் சொல்லும் ஒரு செய்தி மட்டுமே. எல்லாச் செய்தியையும் இயந்திரம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததையும் தேடிக் கண்டுபிடிப்பதற்கே பராமரிப்பு என்று பெயர்.

அப்பராமரிப்பு நாம் காணாத வேளையில் நடக்கிறது. வாயிற்கதவு திறப்பதற்கு முன், விடியற்காலையில், பணியாளர்கள் பாதை நெடுக நடந்தும் ஏறியும் போல்ட்டுகளையும் வெல்டிங் இணைப்புகளையும் பார்க்கிறார்கள். ரயில்பாதையில் கீமேன் சுத்தியலோடு நடப்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். பின்னர் வண்டியை ஆளின்றிச் சிலமுறை ஓடவிட்டு, ஓசையைக் கேட்கிறார்கள். ஒவ்வோர் அணைப்பையும் இழுத்துப் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார்கள். ஆண்டுக்கொருமுறை வண்டியை முழுதும் பிரிக்கிறார்கள். அச்சின் மேல் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவுகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த சாயம் கசிந்து பொடியின் மேல் சிவந்த கோடாகக் காட்டிக்கொடுக்கும். அசோகபுரம் ரயில்வே பணிமனையில் பணிபுரியும் மைசூர் அன்பர்களுக்கு, ரயில் அச்சுகளையும் விரிசலுக்காகச் சோதிப்பது தெரிந்திருக்கும்.

இயந்திரம் எச்சரித்தும் மனிதன் கேளாத கதையும் உண்டு. 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில், முன்னே ஒரு வண்டி நின்றிருக்கிறது என்று உணர்ந்து கட்டுப்பாட்டுப் பொறி மற்ற வண்டியை நிறுத்தியது. பொறிதான் தவறுகிறது என்று எண்ணிய பணியாளர் அதை மீறி வண்டியை விட்டார்கள். இரண்டு வண்டிகளும் மோதின. இரு இளம்பெண்கள் தத்தம் காலொன்றை இழந்தார்கள். நிறுவனத்துக்கு ஐம்பது இலட்சம் பவுன் அபராதம் விதித்த நீதிமன்றம், குற்றத்தைப் பணியாளர் தலையில் மட்டும் சுமத்தவில்லை. அவர்களுக்குத் தக்க பயிற்சியும் முறையும் கொடாத நிறுவனத்தையே பொறுப்பாக்கிற்று.

நம் நாட்டிலும் துயரங்கள் நேர்ந்திருக்கின்றன. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசலாடும் பொறி முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். 2022 செப்டம்பரில் மொகாலி நகரத்துக் கண்காட்சியில், மக்களை உயரத் தூக்கி இறக்கும் பொறி சட்டென விழுந்தது. 2025 ஏப்ரலில் டெல்லியை அடுத்த கபஷேராவில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண்ணொருவர் மாண்டார். இத்தகைய பொறிகளின் பாதுகாப்புக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2004இல் ஐ.எஸ். 15475 என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. விதி ஏட்டில் இருக்கிறது. அதை ஒவ்வொரு காலையும் நிறைவேற்றுவது ஸ்பானர் பிடித்த கையே. ஊர் ஊராகச் செல்லும் கண்காட்சிப் பொறிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவை ஒவ்வோர் ஊரிலும் பிரிக்கப்பட்டு, அடுத்த ஊரில் மீண்டும் பூட்டப்படுகின்றன. பூட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பின் மறந்துபோவதற்கு வாய்ப்பு உண்டு.

இதில் நமக்கு என்ன கடமை? பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. எச்சரிக்கைப் பலகைகள் அந்த மாநில மொழியிலும் ஆங்கிலத்திலுமே இருக்கும். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த குடும்பங்களில் பலர்க்கு அவை விளங்குவதில்லை. உயர அளவு குழந்தைகளைத் தடுப்பதற்காக வைத்த அவமதிப்பு அன்று. சிறு உடலை அணைப்பு சரியாகப் பற்றாது என்பதற்காக வைத்தது. இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வரிசையில் அருகே நிற்கும் அயலாருக்கும் எடுத்துச் சொல்லலாம். இருக்கையில் அமர்ந்ததும் அணைப்பை நாமே ஒருமுறை அசைத்துப் பார்க்கலாம். தளர்ந்திருந்தால் கூச்சமின்றிக் கையுயர்த்திப் பணியாளரை அழைக்கலாம். வண்டி வழக்கத்துக்கு மாறாகத் தட்டினால், இறங்கியவுடன் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

மற்றொன்று நம் பேச்சுவழக்கைச் சார்ந்தது. 'பராமரிப்புக்காக இன்று இயங்காது' என்ற பலகையைக் கண்டதும், "ரிப்பேர் ஆகிவிட்டதாம்" என்று சலித்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ரிப்பேர், உடைந்த பின் செய்வது. பராமரிப்பு, உடையாமலிருக்கச் செய்வது. முதியோரையும் குழந்தைகளையும் பேணுவதற்கு நாம் வழங்கும் அதே சொல்லைத்தான் இயந்திரத்துக்கும் வழங்குகிறோம், அது பொருத்தமே. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த மூடிய கதவுக்குப் பின்னே நடக்கும் வேலைக்கும் சேர்ந்ததுதான். அதனைக் குறைத்துக்கொண்டு வண்டியை இடைவிடாமல் ஓட்டச் சொல்லிக் கூட்டம் நெருக்குமானால், உரிமையாளரும் ஓட்டத்தான் செய்வார்.

ஆகவே, அன்பர்களே, வரும் தசராவிலோ, விடுமுறையிலோ பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்களோடு நீங்களும் ஏறிச் சிரியுங்கள். ஒரு பொறி மூடியிருக்கக் கண்டால் வாதாடாமல் அடுத்ததற்குச் செல்லுங்கள். உள்ளே ஒருவர் கிரீஸ் படிந்த கையோடு, நம் குழந்தை நாளை அமரப்போகும் இருக்கையைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சற்று நேரம் கொடுப்போம்.